வட்டத்தில் உட்கார்ந்த பிறகு என்ன செய்வது?

கேள்வி இது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி. முதுகலை கவுன்சிலிங் மாணவர்கள் பத்துப் பேர். பௌத்த உளவியல் வழியிலான சிகிச்சைமுறை அவர்களுக்கு ஒரு பாடம். அதோடு வாரம் ஒருமுறை ‘ப்ராசஸ் குரூப்’, அதாவது வட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள் நடப்பதையே கவனித்துப் பேசும் குழு, நடத்தும் பொறுப்பு உங்களுக்கு. தியானம் முடிந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். மீறி ஒருவர் கஷ்டத்தைச் சொன்னால் மற்ற ஒன்பது பேரும் புத்திமதி சொல்கிறார்கள். எப்படி நடத்துவது?

இந்த மௌனமும் புத்திமதியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. எதிரில் ஒரு ஆள் கலங்கும்போது நம் நெஞ்சில் ஏறும் சங்கடத்தை உடனே கீழே இறக்கி வைக்க ஒருவர் வாயை மூடுகிறார், இன்னொருவர் வாயைத் திறக்கிறார். அந்தச் சங்கடத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்கப் பழக்குவதுதான் உங்கள் வேலை. தியானமும் அதற்காகத்தான். குழு அமைதியாகிவிட்டதென்று நீங்கள் மகிழ்ந்தால் பயிற்சி தடம் மாறிவிட்டதென்று கொள்ளுங்கள்.

குழுவில் பேசப்படும் விஷயம் ஒன்று, பேசும்போது ஆட்களுக்கு நடுவே நடப்பது இன்னொன்று. ஒருத்தி ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள். விஷயம் சாப்பாடு. ஆனால் அதை உங்களை மட்டும் பார்த்துச் சொன்னாள். சொல்லும்போது எதிரே இரண்டு பேர் கண்ணால் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்தவன் நாற்காலியைச் சற்று நகர்த்தினான். மாணவர்கள் பார்க்கக் கற்க வேண்டியது இந்த இரண்டாவது. 1946-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சமூக உளவியலாளர் கர்ட் லெவின் நடத்திய பயிலரங்கில், அன்றன்று குழுவில் நடந்ததைப் பயிற்றுநர்கள் மாலையில் கூடி அலசினார்கள். பங்கேற்றவர்கள் சிலர் அதைக் கேட்க வந்து, “நீங்கள் சொல்வதுபோல் நடக்கவில்லை” என்று மறுக்க ஆரம்பித்தார்கள். அந்த மறுப்பிலிருந்துதான் இந்தப் பயிற்சிமுறையே முளைத்தது. இது நோயாளிகளுக்கான குழுச் சிகிச்சை அல்ல என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வீட்டில் நடந்தது பேச்சில் வரலாம். ஆனால் குழு வேலை செய்ய வேண்டியது இந்த அறையில், இந்த நிமிடத்தில், இவர்களுக்குள் நடப்பதன்மேல்.

பௌத்தம் இதில் எங்கே வருகிறது? பாளிச் சொற்களை அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை. துன்பம் ஒன்றைச் சார்ந்து ஒன்றாகத் தோன்றுவதாகப் பௌத்தம் சொல்லும் பன்னிரு சார்புகளும் மணிமேகலையிலேயே அழகான தமிழில் இருக்கின்றன: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். குழுவுக்கு நடுவில் உள்ள நான்கு போதும். காதில் ஒரு சொல் விழுவது ஊறு. அது இனிதாகவோ இன்னாததாகவோ இரண்டுமற்றதாகவோ படுவது நுகர்வு. அதை இழுத்து வைத்துக்கொள்ளவோ தள்ளிவிடவோ உந்துவது வேட்கை. அதைச் சுற்றி ஒரு கதை கட்டிக்கொண்டு விடாமல் பிடிப்பது பற்று. நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையில் ஒரு மூச்சு அளவு இடம் கிடைத்தால் கவுன்சிலிங் செய்பவருக்கு அது பெரிய சொத்து.

‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்பதற்கு மூலமான ‘சதி’ என்ற பாளிச் சொல்லைத் தமிழில் எழுதினால் சூழ்ச்சி என்றுதான் படிப்பார்கள். அதன் வேர்ப்பொருள் நினைவு. நாஞ்சில்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்களில் “ஓர்மை இருக்கா?” என்று கேட்பார்களே, அந்த ஓர்மை ஏறக்குறையச் சரியாகப் பொருந்தும். ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று சொல்லிச் சொல்லி ஆறு வாரத்தில் புரியாதது, ‘ஓர்மை தப்பிட்டு’ என்றால் ஒரு நாளில் புரியும்.

தொடங்குவதற்கு முன் சரிசெய்ய வேண்டியவை சில. முதலாவதும் முக்கியமானதும் மார்க். குழுவை நடத்துபவர் அந்த மாணவர்களுக்கு இன்டர்னல் மார்க் போடுபவராக இருக்கக் கூடாது. வேறு வழியே இல்லையென்றால் வருகைப் பதிவு மட்டும்தான் கணக்கு, பேசியதற்கும் பேசாததற்கும் மதிப்பெண் கிடையாது என்று எழுத்தில் கொடுங்கள். மார்க் கையில் இருக்கும்வரை மாணவர்கள் உங்களுக்குப் பிடித்தமான உணர்ச்சிகளைத்தான் காட்டுவார்கள். அழுதால் நல்ல மார்க் என்று நினைத்துவிட்டால் அழவும் செய்வார்கள்.

எட்டிலிருந்து பத்துப் பேர் நல்ல அளவு. ஆறுக்குக் கீழே போனால் ஒருவர் வராத நாளில் குழு தளர்ந்துவிடும். பன்னிரண்டைத் தாண்டினால் நான்கு பேர் பேச மற்றவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். அப்போது இரண்டாகப் பிரித்துவிடுங்கள். 90 நிமிடம், வாரத்தில் ஒரே நாள், ஒரே அறை, ஒரு செமஸ்டருக்கு 14 அமர்வு. துணை நடத்துநர் ஒருவர் கட்டாயம். முடிந்தால் ஆண் ஒருவர், பெண் ஒருவர். எல்லோரும் ஒரே உயரத்தில் உட்கார வேண்டும். நீங்கள் நாற்காலியிலும் மாணவர்கள் பாயிலும் என்றால் அது உபந்நியாசம். முழங்கால் வலி உள்ளவர் ஒருவர் இருந்தாலும் எல்லோருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் மேசை வேண்டாம். செல்போன்கள் அணைக்கப்பட்டு வாசலில் ஒரு பெட்டியில், உங்களுடையதும் சேர்த்து.

குழுவில் சி.எஸ்.ஐ. பிள்ளைகள் இருப்பார்கள், ஆர்.சி. இருப்பார்கள், மேலப்பாளையத்திலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகள் இருப்பார்கள். ஆகவே சிலை, ஊதுபத்தி, மந்திரம் எதுவும் கூடாது. மணி அடித்தால் சிலருக்குப் பூசை, சிலருக்குப் பள்ளிக்கூடம். “தொடங்குவோம்” என்று வாயால் சொன்னாலே போதும். இது மனதைப் பார்க்கும் முறை, மதம் மாற்றும் முயற்சி இல்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். எல்லோருக்கும் நலம் வேண்டி மனதுக்குள் வாசகம் சொல்லும் அன்பு பாராட்டும் பயிற்சியில் குறிப்பிட்ட வாசகம் ஒருவருக்கு உறுத்தினால் தனக்குப் பழகிய சொற்களில் வைத்துக்கொள்ளட்டும். “இந்த மண்ணுக்கும் புத்தருக்கும் என்ன சம்பந்தம்?” என்று யாராவது கேட்டால், அகத்தியர் தமிழைக் கேட்டது அவலோகிதன் என்ற போதிசத்துவரிடம் என்று வீரசோழியம் என்ற பழைய இலக்கண நூலின் பாயிரம் சொல்வதைச் சொல்லுங்கள். அந்த அகத்தியரின் பொதிகை நம் மேற்கு எல்லையில்தான் நிற்கிறது.

ரகசியம் காப்பது பற்றி முதல் அமர்வில் அரை மணி நேரம் செலவிடலாம், வீண் இல்லை. நெல்லையில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். டவுன் பஸ்ஸில் முன்சீட்டில் இருப்பவர் யாருடைய சித்தியோ, யாருடைய மைனியோ. பெயரைச் சொல்லாமல் “எங்க செட்ல ஒருத்தி” என்று ஆரம்பித்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆகவே விதியை இப்படி வையுங்கள்: குழுவில் நான் பேசியதையும் எனக்குத் தோன்றியதையும் நான் வெளியே சொல்லலாம், இன்னொருவர் பேசியதை, பெயர் இல்லாமலும் சொல்லக் கூடாது. வாட்ஸப்பில் குழுவுக்கென்று ஒரு குரூப் தொடங்கக் கூடாது. தொடங்கினால் அமர்வு ராத்திரி பதினொரு மணிக்கு அங்கே நடக்கும். ரகசியத்துக்கு எல்லையும் உண்டு. உயிருக்கு ஆபத்து தெரிந்தால் நீங்கள் வாய்மூடி இருக்க மாட்டீர்கள். இன்டர்ன்ஷிப் போன இடத்தில் 18 வயது நிரம்பாத குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பதாக ஒரு மாணவர் சொன்னால், 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவு போலீசுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. இது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

90 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். 10 நிமிடம் உட்காருதல், 55 நிமிடம் பேச்சு, 5 நிமிடம் எழுந்து நிற்றல், தண்ணீர், 20 நிமிடம் திரும்பிப் பார்த்தல். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். இருபது நிமிடம் மூச்சைக் கவனித்தவர்கள் அந்தச் சுகத்திலிருந்து எழுந்து வந்து சண்டை போட மாட்டார்கள். சண்டை போட வேண்டிய வாரங்களும் உண்டு. கண் பாதி திறந்திருக்கட்டும். கவனம் முதல் மூன்று நிமிடம் பாதத்தில், அடுத்த மூன்று நிமிடம் மூச்சில், கடைசியில் வட்டத்தில் இருக்கும் மற்றவர்களின் இருப்பில். இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டால் பத்துப் பேர் தனித்தனியாகத் தியானம் செய்ததாகிவிடும். ஃபேன் சத்தம், கோயில் ஸ்பீக்கர் எல்லாம் இருக்கட்டும், அதுவும் ஊறுதான்.

நடுப்பகுதியில் உங்கள் கை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு, விளக்கத்துக்காகக் கட்டிய ஒரு காட்சி. நான்காவது வாரம். பேசுபவள் நேராக டிகிரி முடித்து வந்தவள். எதிரே இருப்பவர் சில வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர்.

“அண்ணே, போன வாரம் நான் பேசிட்டிருக்கும்போது நீங்க மணியப் பாத்திய.”

“அய்யோ, அப்படில்லாம் இல்லம்மா. பஸ்ஸுக்கு நேரமாயிட்டேன்னு பாத்தேன். தப்பா நெனைக்காத.”

“சரிண்ணே, ஒண்ணும் இல்ல.”

அறை முழுக்க ஒரு பெருமூச்சு. பெரும்பாலான நடத்துநர்கள் இந்த இடத்தில் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். போகாதீர்கள். “ஒண்ணும் இல்லன்னு சொன்னியளே, அந்த நேரம் உடம்புல எங்கயாவது ஏதாவது தெரிஞ்சுதா?” என்று கேளுங்கள். “தொண்ட அடைச்ச மாதிரி இருந்துச்சு.” “அப்ப என்ன செய்யணும்போல இருந்துச்சு?” “பேச்ச முடிச்சிரணும்னு.” இப்போது அவர் பக்கம் திரும்புங்கள். “அவங்க சொன்னதும் உங்களுக்கு?” “மூஞ்சி சூடாயிட்டு. உடனே பஸ்ஸச் சொல்லிட்டேன்.” “பஸ்ஸ விட்டுருவோம். மணியப் பாத்தது உண்மைதானா?” “உண்மைதான்.” அவள் இப்போது பேசுவாள்: “நான் பேசுனது இழுவையா இருந்துச்சோன்னு ஒரு வாரமா யோசிச்சிட்டே இருந்தேன்.”

நான்கு நிமிட வேலை. மணியைப் பார்த்தது ஊறு. தொண்டை அடைத்ததும் முகம் சூடானதும் நுகர்வின் தடம். பேச்சை முடிக்கத் துடித்ததும் பஸ்ஸை இழுத்ததும் வேட்கை. ‘நான் இழுவை’ என்று ஒரு வாரம் சுமந்த கதை பற்று. இந்தப் பெயர்களை அந்த நேரத்தில் சொல்லாதீர்கள். திரும்பிப் பார்க்கும் இருபது நிமிடத்தில் மாணவர்களே எடுத்து வைக்கட்டும். யார் மன்னிப்புக் கேட்டார், யார் பெருந்தன்மையாக இருந்தார் என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். முதல் மூன்று வாரங்களில் உடம்பைப் பற்றிக் கேட்காதீர்கள், கேட்டால் அவமானமாகப் படும். ‘உங்கள் கை நடுங்குகிறது’ என்று நீங்களே சுட்டுவதைவிட, தெரிகிறதா என்று கேட்பது மேல். உடம்பில் ஒன்றும் தெரியவில்லை என்று பதில் வந்தால் அதுவும் பதில்தான், விட்டுவிடுங்கள்.

அந்தக் காட்சியில் ‘அண்ணே’ என்ற சொல்லும் ஒரு வேலை செய்கிறது. முறை சொல்லிக் கூப்பிடுவதை நம்மூரில் தடை செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஆனால் ஐந்தாவது வாரத்துக்கு மேல் ஒரு கேள்வி போடலாம்: “அண்ணன்கிட்ட சொல்ல முடியாதது, பேர் சொல்லிக் கூப்பிட்டா சொல்ல முடியுமா?” ஒரு மணி நேரம் தானாக ஓடும்.

சாதி இன்னும் சிக்கல். “எந்த ஊரு? எந்தத் தெரு?” என்ற கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே மணிக்கட்டில் கயிறு நிறம் பார்த்துப் பழகிய பிள்ளைகள்தான் உங்கள் வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள், யார் தண்ணீர் பாட்டில் யார் கைக்குப் போகிறது, யார் பேசும்போது அறை சட்டென்று மரியாதையாகிவிடுகிறது என்பதைப் பார்த்து வையுங்கள். முதல் மாதத்தில் ‘சாதியைப் பற்றிப் பேசுவோம்’ என்று தலைப்புக் கொடுத்தால் எல்லோரும் மேடைப் பேச்சுப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். பாதி செமஸ்டர் தாண்டியதும், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: “ஏழு வாரமா இந்த மூணு பேரும் ஒரே பக்கம்தான் உக்காருறாங்க. நான் மட்டும்தான் பாத்தேனா?” பதில் வராவிட்டாலும் பாதகமில்லை. தன் சாதியை வெளியே சொல்லும்படி யாரையும் நெருக்காதீர்கள். குறிப்பாக, பாதிக்கப்பட்ட தரப்பைச் சேர்ந்த ஒருவரை மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியராக ஆக்கிவிடாதீர்கள். குழுவில் அடிக்கடி நடப்பது அதுதான்.

பௌத்தப் படிப்பு படித்த குழுக்களுக்கென்றே ஒரு தனி வியாதி உண்டு. ஒருத்தி அழுகிறாள், இன்னொருவர் “எல்லாம் அநித்தியம்தானே” என்கிறார். இதற்கு மருந்து அந்த மரபிலேயே இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம், அன்பு, இரக்கம், பிறர் நலம் கண்டு மகிழ்தல், சமநிலை என்ற நான்கு பிரமவிகாரங்கள் ஒவ்வொன்றுக்கும் ‘அருகில் இருக்கும் பகை’ ஒன்று உண்டு என்கிறது. அதாவது அசலைப் போலவே தோன்றும் போலி. அன்புக்குப் பக்கத்தில் ஒட்டுதல் நிற்கும், இரக்கத்துக்குப் பக்கத்தில் கூடவே சேர்ந்து புலம்பும் துக்கம், பிறர் நலம் கண்டு மகிழ்வதற்குப் பக்கத்தில் வெறும் உலகியல் குதூகலம், சமநிலைக்குப் பக்கத்தில் அக்கறையின்மை. கவுன்சிலிங் மாணவர்களிடம் அதிகம் பார்ப்பது இரண்டாவதும் நான்காவதும். அநித்தியம் என்று சொன்னவரிடம் ‘இது அக்கறையின்மை’ என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். “அவங்க அழும்போது உங்களுக்கு எப்படி இருந்துச்சு? அதச் சொல்றதுக்கு முன்னால?” என்று கேளுங்கள். ‘தாங்க முடியல’ என்பார். அவர் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அதுதான்.

மௌனம் எல்லாம் ஒன்றல்ல. பயந்த மௌனத்தில் கண்கள் உங்களை நோக்கி வரும், கால்கள் நாற்காலிக்கு அடியில் போகும். கோபித்த மௌனத்தில் கண் தரையிலோ ஜன்னலிலோ இருக்கும், கை கட்டியிருக்கும். நிறைந்த மௌனத்தில் மூச்சு கீழிறங்கி, ஆட்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். மூன்றாவதைத் தொடாதீர்கள். முதல் இரண்டும் ஆரம்ப வாரங்களில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நீண்டால் பேச்சைத் திறந்துவிடுங்கள்: “இப்ப பேசினா என்ன ஆயிரும்னு தோணுது?” மௌனத்தை நீட்டி நீட்டி மாணவர்களைச் சோதிக்கும் நடத்துநர்கள் உண்டு. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பயந்தவர் இன்னும் பயப்படுவதுதான் மிச்சம்.

தியானத்தில் ஒருவருக்கு விபரீதமாக ஏதாவது நடக்கலாம். பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும், கை குளிர்ந்துவிடும், கூப்பிட்டால் பதில் தாமதமாக வரும், முகத்தில் ஆள் இல்லாதது போலிருக்கும். பழைய அதிர்ச்சி உள்ளவர்களுக்கு மூச்சைக் கவனிப்பதே அதைக் கிளறிவிடும். ‘அதையும் கவனியுங்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கண்ணைத் திறக்கச் சொல்லி, பாதத்தைத் தரையில் அழுத்தி எழுந்து நிற்க வையுங்கள். அறையில் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு துணை நடத்துநரோடு வெளியே போய் முகம் கழுவட்டும், தனியாக அனுப்ப வேண்டாம். அவருக்கு அன்றைக்கு வேறு தியானம் கிடையாது. அடுத்த வாரமும் தொடர்ந்தால் தனியே பேசி, ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கோ அவர் நம்பும் மருத்துவரிடமோ அனுப்புங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸை முதல் நாளே எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொரு கோளாறு உங்களைப் பற்றியது. நம் நாட்டில் கண்ணை மூடி அமைதியாக உட்காரும் யாரும் மூன்று வாரத்தில் சாமியார் ஆகிவிடலாம். குழுக்களை ஆராய்ந்த பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வாளர் வில்ஃபிரட் பியோன் இதைச் சார்ந்திருத்தல் என்றார்: குழு தன் வேலையை விட்டுவிட்டு, ஒரு தலைவர் வந்து காப்பாற்றுவார் என்று காத்திருப்பது. அறிகுறி: யார் யாரிடம் பேசினாலும் கண் உங்களிடம் வரும், நீங்கள் இருமினாலும் நோட்டில் எழுதுவார்கள். இதைக் குறைக்க நல்ல வழி, அந்தக் கடைசி இருபது நிமிடத்தின் முதல் பத்தை நீங்களும் துணை நடத்துநரும் மாணவர்கள் முன்னாலேயே பேசிக்கொள்வது. “அவங்க அழுதப்ப நான் சீக்கிரம் பேசிட்டேன்னு தோணுது.” “ஆமா, நானும் அப்படித்தான் நெனச்சேன்.” மாணவர்கள் அதுவரை குறுக்கிடக் கூடாது. அடுத்த பத்து நிமிடம் அவர்கள் உங்களைத் திருத்தலாம். லெவின் பயிலரங்கில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

அமர்வு முடிந்த அன்று இரவே மாணவர்கள் மூன்று வரி எழுத வேண்டும். தம் மகன் இராகுலனுக்குப் புத்தர் சொன்ன முறை: கண்ணாடி பார்ப்பதற்கு இருப்பதுபோல, ஒரு செயலைச் செய்யுமுன், செய்யும்போது, செய்தபின் என மூன்று முறை பார்க்க வேண்டும். பேசுமுன் என்ன நினைத்தேன், பேசும்போது என்ன தெரிந்தது, பேசியபின் என்ன ஆனது. மற்றவர் பெயர் அதில் இருக்கக் கூடாது. நோட்டை நீங்கள் வாங்கிப் படிக்காதீர்கள். படித்தால் மார்க்குக்கு எழுதுவார்கள்.

நான்கிலிருந்து ஏழாவது வாரம்வரை உரசல் வரும். வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஒருவருக்கொருவர் குறை சொல்ல வரும்போது, பௌத்த மரபு நல்ல பேச்சுக்கு வைக்கும் ஐந்து அளவுகளைக் கொடுக்கலாம்: தக்க நேரம், உண்மை, மென்மை, பயன், நல்லெண்ணம். ஆனால் நம்மூர் மரியாதை மற்ற நான்கையும் மென்மையின் காலடியில் போட்டுவிடும். ‘மென்மையாகச் சொன்னீர்கள், உண்மை எங்கே போச்சு?’ என்று நீங்கள் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

பதின்மூன்றாவது அமர்வை ஒரு பழைய சடங்கின் மாதிரியில் அமையுங்கள். பிக்குகள் மழைக்கால மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கிய பின், பவாரணை என்ற ஒன்றைச் செய்வார்கள். ஒவ்வொருவரும் சங்கத்தின் முன் வந்து, ‘என்னிடம் கண்ட, கேட்ட, ஐயுற்ற குறை இருந்தால் இரக்கம் கொண்டு சொல்லுங்கள்’ என்று கேட்டுக்கொள்வார்கள். புத்தரே தம் உடலாலும் பேச்சாலும் குறை உண்டா என்று சங்கத்தைக் கேட்டதாகப் பாளிச் சூத்திரம் ஒன்று சொல்கிறது. ஜூலையில் தொடங்கி அக்டோபரில் முடியும் அந்த மூன்று மாதம் நம் முதல் செமஸ்டரோடு அநேகமாகப் பொருந்திவிடுகிறது. நமக்கு மழை அதற்குப் பிறகுதான் பிடிக்கும், அது வேறு.

இதில் நுட்பம் என்னவென்றால், கேட்பவர்தான் தொடங்குகிறார். கேட்காதவரிடம் யாரும் சொல்லக் கூடாது, கேட்காமல் இருக்கவும் உரிமை உண்டு. முதலில் நீங்கள் கேளுங்கள். ஒருவருக்கு 6 நிமிடம்: அவர் கேட்பார், இரண்டு அல்லது மூன்று பேர் தாம் கண்டதை ஒன்றிரண்டு வாக்கியத்தில் சொல்வார்கள், அவர் மறுமொழி சொல்லாமல் கேட்டுக்கொண்டு, கடைசியில் “கேட்டுக்கிட்டேன்” என்று மட்டும் சொல்வார். விளக்கம் தரத் துடிக்கும் அந்த அரை நிமிடம்தான் பாடம். ‘ஐயுற்றது’ என்பதை மட்டும் மாணவர் குழுவில் எடுத்துவிடுங்கள். சந்தேகத்தைச் சொல்ல அனுமதித்தால் கிசுகிசு உள்ளே வந்துவிடும். உங்களோடு சேர்த்துப் பதினொரு பேர் என்றால் 66 நிமிடம் ஆகும், அன்றைக்கு மற்றப் பகுதிகளைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

பதினான்காவது விடைபெறுதல். அன்று புதிய விஷயம் எதையும் திறக்க விடாதீர்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒருவர் பெரிய ரகசியத்தை வைப்பது வழக்கம், அதற்குத் தனி நேரம் குறித்துக் கொடுங்கள். உங்கள் குறிப்புகளில் பெயர் இருந்தால் கிழித்துவிடுங்கள். குரூப் போட்டோ கேட்பார்கள். எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் எல்லோரும் சம்மதித்தால் மட்டும், ஸ்டேட்டஸில் போடுவதில்லை என்ற பேச்சோடு.